ஆறாவது நிரல்

பிள்ளைகளை எண்ணுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கொழும்பில் ஒரு கல்விக் கந்தோரில், தமிழ்மொழிப் பாடசாலைகளின் கணக்கு முழுவதும் என் மேசைக்குத்தான் வரும். நான் ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் சத்தமே எனக்கு ஆகாது. ஒரு பாடசாலைக்குள் பத்து நிமிடம் நின்றால் தலை இடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் எந்தப் பாடசாலையில் எந்த ஆண்டில் எத்தனை பேர் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. நான் சொல்லப்போவது அந்தத் தலைக்கனத்தால் வந்த வினை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர். எங்கள் சந்தில் சண்டை பிடித்தால் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும்தான் பிடிப்போம். அந்தச் சிங்களம்தான் எனக்குக் கந்தோர் வேலையை வாங்கித் தந்தது. யாழ்ப்பாணத்து ஆட்களோடு எனக்கு அப்போது பெரிய பழக்கமில்லை. அவர்களுடைய தமிழை நான் கேலி செய்வேன், அவர்கள் என்னுடையதைக் கேலி செய்வார்கள். போர் வந்து அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அவர்களுடைய பிள்ளைகள் என் கணக்குக்குள் வந்தார்கள்.

கந்தோரில் அடுத்த வருடத்து எண்ணிக்கையைக் கணிக்கும் முறைக்கு நாங்கள் படிக்கட்டு என்று பெயர் வைத்திருந்தோம். இந்த வருடம் ஆண்டு ஒன்றில், அதாவது முதலாம் வகுப்பில், இருக்கிற பிள்ளைகள் அடுத்த வருடம் ஒரு படி ஏறி ஆண்டு இரண்டில் இருப்பார்கள். நாற்பது பேர் என்றால் முப்பத்தொன்பது என்று எழுதுவோம். ஒருவர் எங்கேயாவது போய்விடுவார் என்பது கணக்கு. புதிதாக ஆண்டு ஒன்றுக்கு வரப்போகிறவர்களைக் கிராம சேவகர் தரும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து எடுப்போம். இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை புத்தகம், எத்தனை வாங்கு மேசை, எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிப்பார்கள். வெளியாட்களுக்கு இது விளங்குவதில்லை. இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் கிடைப்பதில்லை, வரப்போகிற பிள்ளைக்குத்தான் கிடைக்கும்.

தெமட்டகொடையிலும் பாமன்கடையிலும் படிக்கட்டு அழகாக வேலை செய்யும். கொட்டாஞ்சேனையிலும் ஓரளவுக்குச் சரிவரும். வெள்ளவத்தையில் மட்டும் அது இடிந்து கிடந்தது. ஜனவரியில் நாற்பது பேர் இருந்த வகுப்பில் மார்ச்சில் அறுபது பேர் இருப்பார்கள். ஓகஸ்டில் பாதி வகுப்பு கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடும். ஒக்டோபரில் அந்தப் பாதியும் நிறைந்து இன்னும் பத்துப் பேர் மேலதிகமாக வந்து நிற்பார்கள். எல்லோரும் காலி வீதிக்கு இரண்டு பக்கமும் இருந்த லொட்ஜ்களில் ஒரு அறையை எடுத்துக்கொண்டு விசாவுக்கோ ஏஜென்சிக்காரனின் தகவலுக்கோ காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

வெள்ளவத்தைப் பாடசாலை ஒன்றின் அதிபர் அம்மா ஒருநாள் கந்தோருக்கு வந்தார். ஆண்டு இரண்டில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள், ஒரே ஆசிரியை, மிஞ்சினவர்கள் விறாந்தையில் இருக்கிறார்கள் என்றார். எங்கள் பிரதம லிகிதர் அவரை மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார். அவர் போன பிறகு, எப்போதும் போலத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் நங்கி என்று என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

"நங்கி, லொட்ஜ் பிள்ளைகள் தற்காலிகம். ஜனவரியில் இருப்பார்கள் என்று யார் பொறுப்பெடுக்கிறது? அத்தாட்சி இல்லாத எண்ணுக்கு நான் ஆசிரியரைக் கேட்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மகன் அப்போது வடக்கில் ஆமியில் இருந்தான். கடிதம் வராத வாரங்களில் மனுஷன் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போவார். ஆனாலும் அந்தத் தற்காலிகம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆள் என்று எங்கள் தாத்தாவையும் இந்த நாட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாளே அந்தப் பாடசாலைக்குப் போனேன். தலை இடிக்க இடிக்க விறாந்தையில் நின்று பார்த்தேன். வகுப்புக்குள் இருந்த பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதினார்கள். விறாந்தையில் இருந்த பிள்ளைகளுக்குப் பலகை தெரியாது. வாசலில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்து அடுத்தவள் எழுதினாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். இப்படியே தண்ணீர்க்குழாய் வரைக்கும் போனது. குழாயடியில் கடைசியாக இருந்த ஏழு வயதுப் பெண்பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு வசனமும் வசனமாக இல்லை. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. பிள்ளை நான் சரி போடுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தாட்சி வேண்டும் என்றால் அத்தாட்சி எடுத்துத் தருகிறேன் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கந்தோர் விட்ட பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போகாமல் எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். புல்ஸ்காப் தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். லொட்ஜ் லொட்ஜாக, அறை அறையாகத் தட்டினேன். அறை எண், பிள்ளைகள் எத்தனை, வயது, முன்பு படித்த இடம், இப்போது படிக்கும் பாடசாலை என்று ஐந்து நிரல்.

இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எந்தப் பிள்ளை ஜனவரியில் இருக்கும், எது போய்விடும் என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் அண்ணனைப் பார்த்தால் சொல்லலாம். பதினேழு, பதினெட்டு, இருபது வயதில் ஒரு அண்ணன் இருந்தால், அந்தக் குடும்பம் அவனை வெளியே அனுப்பத்தான் கொழும்பில் காத்திருக்கிறது. அவன் போனால் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் மற்றவர்களும் போவார்கள். மூத்த பையன் இல்லாத வீடு அப்படி அவசரப்படாது. அது வருடக்கணக்கில் இருக்கும், அதன் பிள்ளைகள் படிக்கட்டில் ஒழுங்காக ஏறும். இது விளங்கிய அன்று பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தாளில் ஆறாவது நிரல் ஒன்றைக் கோடிட்டேன். தலைப்பு: மூத்த ஆண் சகோதரர், வயது. பெயருக்கு இடம் விடவில்லை. கணிப்புக்குப் பெயர் தேவைப்படவில்லை.

கடலுக்குப் போகும் ஒரு ஒழுங்கையில் இருந்த லொட்ஜில், ஏழாம் அறையைத் தட்டியபோது கதவைத் திறந்தது அந்தக் குழாயடிப் பிள்ளை. என்னை அடையாளம் கண்டுகொண்டு கொப்பியை எடுக்க ஓடினாள். தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு பையன் உட்கார்ந்து சவர பிளேடால் தங்கச்சியின் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். மெலிந்த உயரமான பையன், நெற்றியில் விபூதி.

ஐந்து நிரலையும் கேட்டு எழுதினேன். ஆறாவதைக் கேட்டதும் தாயின் கை நின்றது.

"பெரியவன்ர வயசு என்னத்துக்குப் பிள்ளை? சின்னவள்தானே பள்ளிக்கூடம் போறாள்."

"இது ஸ்கூல் கணக்குக்கு மட்டுந்தாங்க அக்கா. வேற யார் கைக்கும் போகாது."

"இல்லைப் பிள்ளை, உங்களுக்கு ஒளிச்சு என்ன. பொலிஸ் பதிவில நானும் சின்னவளும் மட்டும்தான். இவன் பிறகு வந்தவன். பதியப் போனால் எப்பிடி வந்தனீ, ஏன் வந்தனீ எண்டு பிடிச்சு வைச்சிருவாங்களோ எண்டு பயத்தில பதியேல்லை. லொட்ஜ்காரனும் கண்டும் காணாததுமாத்தான் இருக்கிறான்." வடக்கிலிருந்து வந்து தங்குகிற ஒவ்வொருவரும் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம் அது.

பையன் ஜன்னலிலிருந்து இறங்கி வந்து என் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. என் தாளை யாரும் எட்டிப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது.

"அண்ணன்மார் போனால் தங்கச்சிமாரும் போயிடுவினம் எண்டு கணக்குப் பண்றீங்கள், என்ன அக்கா?" என்றான். பிறகு சிரித்தான். "சரியான கணக்குத்தான். எழுதட்டும் அம்மா, பள்ளிக்கூடத்துக்குத்தானே. இவளுக்கு ஒரு ரீச்சர் வந்தால் நல்லம். இரவிரவா நான்தான் இவளின்ர கொப்பியைத் திருத்துறன்."

"வயசு?" என்றேன்.

"பத்தொன்பது. ஏஎல் கணிதம். சோதினை எடுக்க விடேல்லை, அதுக்குள்ள வந்திட்டம்."

பத்தொன்பது என்று எழுதினேன். அவன் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சிலால் இரண்டாவது நிரலின் அடியைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, நீங்கள் கூட்டினதில ஒண்டு குறையுது."

முகம் சுள்ளென்று சூடானது. திரும்பக் கூட்டிப் பார்த்தேன். குறையத்தான் குறைந்தது, கூட்டும்போது நாலாம் அறைப் பிள்ளை ஒன்றை விட்டிருந்தேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு எட்டாம் அறைக்குப் போனேன்.

அந்த மாதம் முடிய எல்லாவற்றையும் நல்ல தாளில் பிரதி எடுத்தேன். காபன் வைத்து எழுதி, அடிப்பிரதியை எனக்கென்று வைத்துக்கொண்டேன். முடிவைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. போகிறவர்களையெல்லாம் கழித்த பிறகும் ஜனவரியில் ஆண்டு மூன்றுக்கு இரண்டு வகுப்பு வேண்டும். ஏழாம் அறைக்கு நேரே 'போகும்' என்று குறித்திருந்தேன்; அந்தப் பிள்ளை இல்லாமலே கணக்குச் சரிவந்தது.

பிரதம லிகிதருக்கு எண்ணிக்கையை மட்டும் கொடுத்திருக்கலாம். அத்தாட்சி வேண்டும் என்றால் முதல் ஐந்து நிரலைக் கொடுத்திருக்கலாம். ஆறாவது நிரலை மடித்து வெட்டக் கத்தரிக்கோல் ஒன்று போதும், அது என் மேசை லாச்சியில் இருந்தது. நான் வெட்டவில்லை. வெட்ட மறந்தேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன், அது பொய். அந்த நிரலை அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபது வருடம் கணக்கெழுதினவர்களுக்குத் தோன்றாதது கொட்டாஞ்சேனைக்காரிக்குத் தோன்றியது என்று கந்தோரில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முழுத் தாள்களையும் குண்டூசியால் ஃபைலில் குத்திக் கொடுத்தேன்.

பிரதம லிகிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஷோக் வேலை நங்கி," என்றார். மேலே உள்ளவர்களுக்கும் காட்டினார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

ஆசிரியை வந்தார். ஜனவரி வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை, ஒக்டோபரிலேயே அனுப்பிவிட்டார்கள். விறாந்தைப் பிள்ளைகளை மண்டபத்தின் ஒரு மூலைக்குள் எடுத்து, தட்டி வைத்து மறைத்து வகுப்பாக்கினார்கள். ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையில் ஏழாம் அறைத் தாயைக் கண்டேன். வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னவள் இப்ப உள்ளுக்க இருக்கிறாள் பிள்ளை. பலகை தெரியுதாம். பெரியவனுக்கு இப்ப திருத்த வேலையில்லை."

அந்தக் கையின் சூடு எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

நவம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பிப் போன அன்று பிரதம லிகிதர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். இரண்டு பேர் மேலிடத்துக் கடிதம் ஒன்றோடு வந்தார்களாம். லொட்ஜ்களில் இருப்பவர்களைப் பற்றிக் கந்தோரில் ஏதும் விபரம் உண்டா என்று கேட்டார்களாம்.

"உங்கள் தாள்கள்தான் இருந்தன. ஃபைலைக் கொண்டுபோய் அடுத்த நாளே திருப்பித் தந்துவிட்டார்கள். நான் மாட்டேன் என்று சொல்லக்கூடிய கடிதமில்லை நங்கி."

ஃபைலை எடுத்துத் திறந்தேன். எண்ணிக்கைத் தாள் இருந்தது, பட்டியலோடு நான் வைத்த கடிதம் இருந்தது. பட்டியல் இல்லை. கடிதத்தின் மூலையில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. நான் ஃபைலை மூடி அலுமாரியில் வைத்தேன். அன்றைக்கே வெள்ளவத்தைக்குப் போயிருக்க வேண்டும். போய், ஏழாம் அறைக் கதவைத் தட்டி, தம்பியை வேறு இடத்துக்கு அனுப்புங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போனால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்படி ஒன்றும் நடக்காது, ஒரு பள்ளிக்கூடத் தாளை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலை ஆமியும் பொலிஸும் அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அதிபர் அம்மா கந்தோருக்கு டெலிபோன் எடுத்து, அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். ஏழாம் அறைத் தாய் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்து அழுதாராம். கதவைத் திறந்ததும் பதிவுத் துண்டைக்கூடக் கேட்கவில்லையாம். நேரே, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார்களாம்.

எல்லா அறையையும்தான் தட்டினார்கள், உள்ளே வந்தால் ஆளைக் காணத்தானே போகிறார்கள் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொலிஸ் பதிவில் அந்த அறைக்கு இரண்டு பேர். லொட்ஜ் புத்தகத்தில் இரண்டு பேர். மூன்று பேர் என்று எழுதியிருந்தது உலகத்தில் என் தாளில் மட்டும்தான்.

அன்று மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அலுமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்த காபன் பிரதியை எடுத்து, குசினி அடுப்பில் ஒவ்வொரு தாளாக வைத்தேன். என்ன நாற்றம் என்று அம்மா முன்னறையிலிருந்து கேட்டார். பழைய பேப்பர் என்றேன். நான் அப்போது யோசித்தது அந்தப் பையனைப் பற்றி இல்லை. யாராவது வந்து இந்தப் பட்டியலை எழுதினது யார் என்று என்னைக் கேட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். அவ்வளவு கேவலமாகப் பயந்திருந்தேன்.

அந்த லொட்ஜிலிருந்து கொண்டுபோன நாலு பேரில் மூன்று பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். அந்த மூன்று குடும்பமும் கிடைத்த வழியில் நாட்டைவிட்டுப் போயின, நான் குறித்திருந்தபடியே. ஏழாம் அறைப் பையன் வரவில்லை. அவன் வராததால் அந்தத் தாய் போகவில்லை.

ஜனவரியில் பாடசாலைகள் அனுப்பும் மாணவர் விபரத்திரட்டுகள் வந்தன. ஆண்டு மூன்றை எடுத்துப் பார்த்தேன். நான் கணித்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. பிரதம லிகிதர் என் முதுகில் தட்டாத குறையாக, "ஒன்றுதானே நங்கி, பெரிய கெட்டித்தனம்," என்றார். அந்த ஒன்று யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் ஆண்டு நாலில் அவள் இருந்தாள், பிறகு ஐந்தில், ஆறில். ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பாடசாலையின் திரட்டு வரும்போது நான் அந்தத் தாளைக் கடைசியாகத்தான் எடுப்பேன். ஒருமுறை கூட்டுவேன். கூட்டி முடிந்ததும் என் தோளுக்கு மேலால் யாரோ பார்ப்பது போலிருக்கும். ஒண்டு குறையுது அக்கா என்று கேட்கும். திரும்பக் கூட்டுவேன். சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்றாம் தரமும் கூட்டாமல் கையெழுத்து வைக்க மாட்டேன். கந்தோரில் எனக்கு மூன்று கூட்டல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கவனமானவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளவத்தைக்கு வேலையாகப் போனால் அந்த ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒருநாள் தெரியாத்தனமாக அதற்குள் நடந்துவிட்டேன். ஏழாம் அறை ஜன்னலில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாகக் காலி வீதிக்கு வந்து சேர்ந்தேன். தாய் அந்தச் சட்டையை மாதம் ஒருமுறை தோய்த்துக் காயப்போடுவதாக அதிபர் அம்மா பிறகு சொன்னார்.

பிள்ளை ஆண்டு எட்டுக்கு வந்த வருடம், தாய் என்னைத் தேடிக் கந்தோருக்கே வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கடதாசிகள். கதிரையைக் காட்டினேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"காணாமல் போனவையைப் பற்றி விசாரிக்கிறதுக்கு ஆக்கள் வந்திருக்கினம் பிள்ளை," என்றார். "மூண்டு தரம் முறைப்பாடு போட்டன். உங்கட மகன் கொழும்பில இருந்தவன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேக்கினம். பொலிஸ் பதிவில இல்லை. லொட்ஜ்காரன் அப்பிடி ஒரு ஆளை நான் காணவே இல்லை எண்டு சொல்லிப்போட்டான். அவனுக்கும் பயம்தானே. அப்பத்தான் உங்கட ஞாபகம் வந்தது. நீங்கள் அண்டைக்கு அவனை எழுதினனீங்கள் எல்லோ. அந்தக் கடதாசியை ஒருக்கா எடுத்துத் தருவீங்களோ?"

அவனைக் காட்டிக் கொடுத்த தாளைத்தான் அவனுக்குச் சாட்சியாகக் கேட்டார்.

"தேடிப் பார்க்கிறேங்க அக்கா," என்றேன்.

இல்லாததைத் தேடுகிறேன் என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினேன். நான் அந்தத் தம்பியை என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதினால் ஏன் அந்த அறைக்குப் போனாய், எழுதின பட்டியல் எங்கே, அதை யார் பார்த்தார்கள் என்று கேள்வி வரும். அதற்கு எனக்குத் துணிவிருக்கவில்லை. நாலாம் தரம் அவர் வந்தபோது மழை. நனைந்த செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அடுத்த திங்கள் பாடசாலை வாசலில் கொண்டுவந்து தருகிறேன் என்று வாய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் புல்ஸ்காப் தாளை விரித்துக் கோடு போட்டேன். ஆறு நிரல். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றேனே. அந்த லொட்ஜின் பதினொரு அறையும் எனக்கு மனப்பாடம். ஒன்றாம் அறை, மூன்று பிள்ளைகள். நாலாம் அறை, முன்பு விட்டுப்போன பிள்ளையோடு இரண்டு. ஏழாம் அறைக்கு வந்து ஆறாவது நிரலில் பேனாவை வைத்தேன். பெயரையும் எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுத எனக்கு அவன் பெயர் தெரியாது. நான் கேட்டதே இல்லை. பத்தொன்பது என்று மட்டும் எழுதினேன்.

திங்கட்கிழமை கந்தோரில் ஆளில்லாத நேரம் பார்த்து, தாளின் அடியில் உண்மைப் பிரதி என்று எழுதிக் கையெழுத்து வைத்து ரப்பர் முத்திரையைக் குத்தினேன். இல்லாத தாளுக்கு உண்மைப் பிரதி. என் உத்தியோக காலத்தில் நான் செய்த ஒரேயொரு கள்ளக் கடதாசி அதுதான், அதில் ஒரு எண்ணும் பொய்யில்லை.

பாடசாலை வாசலில், பிள்ளைகள் கலைகிற இரைச்சலுக்கு நடுவில், தாளைக் கொடுத்தேன். அவர் சுட்டுவிரலை வைத்து வரிவரியாக வந்தார். ஏழாம் அறையில் விரல் நின்றது. சின்னவளின் ஏழு வயதைத் தடவிக்கொண்டு கடைசி நிரலுக்குப் போனது.

"பேர் இல்லையோ பிள்ளை?"

"அந்த இடத்துல பேருக்கு இடம் விடலைங்க அக்கா."

இப்போது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

"பரவாயில்லை," என்றார். "பத்தொன்பது எண்டு இருக்கு. அது அவன்தான். இப்ப இருபத்தைஞ்சு." பிறகு தாளை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார். "கொழும்பில இத்தனை கந்தோர் இருக்கு. நீங்கள் ஒராள்தான் பிள்ளை அவனை எழுதினனீங்கள்."

நான் சொல்லவில்லை.

அந்த விசாரணைக்காரர்கள் தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டு கொடுத்து அனுப்பினார்களாம். சில மாதத்தில் இன்னொரு குழு வந்தது, அவர்களும் கேட்டார்கள். அந்தத் தாய் திரும்ப வந்தார், திரும்ப எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மூன்று முறை வந்தார். ஒருமுறை இருபத்தேழு என்றார், ஒருமுறை முப்பது. நான் ஒவ்வொரு முறையும் ஆறு நிரல் கோடிட்டு, பதினொரு அறையையும் நிரப்பி, கடைசி நிரலில் ஏழாம் அறைக்கு நேரே பத்தொன்பது என்றே எழுதினேன். மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு உண்மைப் பிரதி என்று கையெழுத்து வைத்தேன்.